விகாரைக்குத் தோட்டம் போட்ட கதை

என் நர்சரியில் புத்தர் டால்ஃபினுக்கும் தவளைக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பார். சிமெண்ட் புத்தர். தலையில் ஒரு சின்னத் துளை. மோட்டாரைப் போட்டால் அதிலிருந்து தண்ணீர் வழிந்து மடியில் விழும். ஹோட்டல்காரர்கள் வாங்கிப் போவார்கள், பல் மருத்துவர்களும் வாங்கிப் போவார்கள். பல் பிடுங்கக் காத்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் மன அமைதியைத் தருமாம். புத்தரோடு எனக்கு அதுவரை இருந்த உறவு அவ்வளவுதான்.

அதனால் ஒரு தை மாதக் காலையில், வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் நேராக வந்து அந்தப் புத்தர் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டபோது எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கும்பிட்டு முடித்து என் பக்கம் திரும்பினார்.

"இவரு தலையில ஏம்மா தண்ணி ஊத்துது?"

"அது பவுண்டன் சார்."

"அது தெரியுது. ஏன் ஊத்துது?"

போய் மோட்டாரை நிறுத்தினேன். "நன்றி" என்றார், புத்தரின் சார்பில் சொல்வதுபோல.

அவர் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். வன்னியம்பட்டிப் பக்கம் அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் பல வருடங்களாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து இரண்டு ஏக்கர் வாங்கி, ஒரு புத்த விகாரையும் அதையொட்டி ஒரு சமுதாயக் கூடமும் கட்டி முடித்திருந்தார்கள். சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன், ஞாயிற்றுக்கிழமை தியானம், முகூர்த்த நாளில் கல்யாணம், எல்லாம் அந்தக் கூடத்தில்தான் நடக்கப்போவதாகச் சொன்னார்.

"கட்டடத்தை இஞ்சினியர் பாத்துக்கிட்டாரு. மிச்சமிருக்கது தரை. அதை நீங்க பாக்கணும். வைகாசிப் பௌர்ணமிக்குத் திறப்பு."

நான் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு கட்டட இஞ்சினியரிடம் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவள். பிறகு ராஜபாளையம்-ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் நர்சரி வைத்து, போர்டில் 'லேண்ட்ஸ்கேப் டிசைனர்' என்று எழுதிக்கொண்டேன். ஸ்பின்னிங் மில் வாசல், கல்யாண மண்டபம், இரண்டு ஆஸ்பத்திரி என்று வேலை வந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் ஒரே தோட்டம்தான் வேண்டும். நடுவில் கொரியன் புல், ஓரத்தில் குரோட்டன்ஸ், மூலையில் பவுண்டன். கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். இவருக்கும் அப்படியே வரைந்துவிடலாம் என்று நினைத்துத்தான் சரியென்று சொன்னேன்.

என்னோடு நடவு வேலை பார்க்கும் பெண்களுக்குத் தலைவி கூமாப்பட்டி அக்கா. ஐம்பது வயதிருக்கும். என்னைத் தாயி என்பாள். என் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தே தப்பைக் கண்டுபிடிப்பாள். அவளிடம் புது வேலையைப் பற்றிச் சொன்னேன்.

"புத்த விகாரத்துக்குத் தோட்டம் போடணும்க்கா."

"விகாரமா? ஏன் தாயி, நம்ம போட்ட தோட்டம் எதுவும் விகாரமா இருந்ததில்லையே."

"விகாரம் இல்லக்கா, விகாரை. புத்தர் கோயில்."

"அதைச் சொல்லு மொதல்ல" என்று வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள்.

அன்று அந்த இடத்தில் எங்களுக்காக ஒரு பிக்கு காத்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். ஒல்லி, மூக்குக் கண்ணாடி, செங்காவி ஆடை. துறவியாகும் முன்பு மதுரையில் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்த்தவராம். உபதேசம் செய்து செய்து அவர் பேச்சு பாடப்புத்தகம் போல ஆகிவிட்டிருந்தது. போஸ்ட் மாஸ்டர் அவரைப் பந்தே என்று அழைத்தார். நானும் அப்படியே அழைத்தேன். அக்காவுக்கு அவர் முதல் நாளிலிருந்தே சாமிதான்.

நிலம் மேற்கே மலைப் பக்கம் உயர்ந்து கிழக்கே சாலையை நோக்கிச் சரிந்திருந்தது. இரண்டு வேம்பு, ஒரு பனை, சாலைக்கும் விகாரைக்கும் சரியாக நடுவில் ஒரு சீமைக் கருவேலம். பந்தே எங்களைக் கூட்டிக்கொண்டு மெதுவாக நடந்தார். வேம்பைக் கடந்தார், பனையைக் கடந்தார். சீமைக் கருவேலத்தின் முன்னால் நின்றார்.

"இந்த மரத்தை அறிந்துகொள்ளுங்கள்" என்றார்.

நான் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். இன்னும் கொஞ்ச தூரம் நடந்து வடக்கு மூலையில் வெறும் தரையைக் காட்டி, "இந்த இடத்தையும் அறிந்துகொள்ளுங்கள்" என்றார். அதையும் எழுதினேன்.

அவர்கள் போன பிறகு நான் தனியாக அந்த மரத்தடிக்கு வந்து அதை அறிய முயன்றேன். பத்து நிமிடம் நின்றிருப்பேன். ஒரு முள் செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறியது. அறிதல் என்பது வலியில்தான் தொடங்கும் போல என்று நினைத்துக்கொண்டு, ஊக்கால் அதை நெம்பி எடுத்தேன்.

அந்த மரத்தைப் பற்றி எங்கள் பக்கத்தில் சொல்ல வேண்டியதில்லை. நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சும், ஆட்டு வாயில் புகுந்து ஊரெல்லாம் முளைக்கும், வெட்ட வெட்டத் தழைக்கும். ஒழிக்க வேண்டும் என்று பேசாத ஆள் இல்லை. அப்படி ஒரு மரத்தை மட்டும் ஒரு துறவி நின்று காட்டுகிறார் என்றால்? எனக்குப் புல்லரித்துவிட்டது. எல்லோரும் வெறுப்பதை நேசிக்கச் சொல்கிறார். இத்தனை வருடம் டால்ஃபின் விற்ற எனக்கு இப்போதுதான் ஒரு நிஜமான வேலை வந்திருக்கிறது.

வீட்டில் உட்கார்ந்து நான்கு நாள் வரைந்தேன். சாலையிலிருந்து விகாரைக்கு நேராகப் போயிருக்க வேண்டிய பாதையை, மரத்துக்கு முன்னால் வளைத்து, பிறை போலச் சுற்றிக் கொண்டுபோய் மறுபடி நேராக்கினேன். மரத்தடியில் உட்கார ஒரு கல் பெஞ்சு. வடக்கு மூலையில் ஒன்றுமே வைக்கவில்லை. அங்கே 'வெறுமை' என்று பென்சிலால் எழுதினேன். அந்தச் சொல்லை எழுதியபோது என்னை நானே கொஞ்சம் மெச்சிக்கொண்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

கூடத்துத் தரையில் வரைபடத்தை விரித்தோம். போஸ்ட் மாஸ்டர் கொண்டுவந்திருந்த அடிக்கோலால் ஒவ்வொன்றாக அளந்தார்.

"வளைவு நல்லாருக்கும்மா. ஆனா எதுக்கு?"

"பந்தே சொன்னாங்க சார்."

அவர் பந்தேயைப் பார்த்தார். பந்தே வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு மிகவும் மென்மையாகச் சொன்னார்:

"அந்த மரத்தை நீங்கள் இன்னும் அறிந்துகொள்ளவில்லை போலும்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு பெஞ்சு போட்டது போதவில்லை என்று புரிந்துகொண்டேன். அன்று மாலையே இன்னொரு பெஞ்சு சேர்த்தேன்.

வேலை ஆரம்பித்தது. பாதைக்கு ஓரக்கல் பதித்தோம், பெஞ்சுக்குக் கல் இறக்கினோம். அக்காவுக்கு முதல் நாளிலிருந்தே இது பிடிக்கவில்லை.

"தாயி, ஊரே இந்தச் சனியனை வேரோட பிடுங்கணும்னு கெடக்கு. நீ அதுக்குச் சுத்தி மேடை கட்டுதே."

"வெறுக்கிறதையும் நேசிக்கணும்க்கா. அதுதான் இங்க தத்துவம்."

"அப்படியா? நீ செத்த நேரம் அது கீழ படுத்து எந்திரி. பொறவு தத்துவம் பேசுவோம்."

பந்தே தினமும் அந்தப் பக்கம் வந்து எங்கள் வேலையைப் பார்ப்பார். ஒரு நாள், "இந்த மரம் இல்லாத இடங்களில் புல் நன்றாக வளர்கிறது" என்றார். ஆமாம் பந்தே என்றேன். இன்னொரு நாள், "நேரான பாதையும் அழகுதான்" என்றார். எவ்வளவு தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது நாள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார். அதையும் ஒரு வகைத் தியானமாகவே எடுத்துக்கொண்டேன்.

குட்டு உடைந்தது வடக்கு மூலையில், என் 'வெறுமை'யில்தான். அக்கா அங்கே கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பந்தே அவளருகில் போய், "இந்த இடத்தை அறிந்துகொள்ளுங்கள். இங்கே ஒரு பள்ளம் இருந்திருந்தால் மழைத் தண்ணீர் தங்கியிருக்கும்" என்றிருக்கிறார். அக்கா ஒரு நிமிடம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மண்வெட்டியை எடுத்து ஓங்கி ஒரு வெட்டு வெட்டினாள். பந்தேயின் முகம் அப்படி மலர்ந்ததாம். இரண்டாவது வெட்டுக்குள் அவர் வேகமாகக் கூடத்துக்குள் போய்விட்டார். அக்கா மண்வெட்டியோடு என்னிடம் வந்தாள்.

"தாயி, சாமிக்கு வெட்டுன்னு சொல்ல வாய் வரலைன்னு நெனக்கேன். அந்த மரமும் அப்படித்தான் இருக்குமோ?"

நான் போஸ்ட் மாஸ்டரைத் தேடி ஓடினேன். விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. பிக்குகள் மண்ணைத் தோண்டக் கூடாது, செடி கொடியை வெட்டக் கூடாது. இன்னொருவரிடம் தோண்டு, வெட்டு என்று ஏவவும் கூடாது. பழைய விதி. ஆனால் வாழ வேண்டுமே. அதனால் 'இதை அறிந்துகொள்' என்று சொல்லிக் காட்டலாம். கேட்டவர் புரிந்துகொண்டு செய்தால் செய்யட்டும்.

"ஏன் சார் என்கிட்ட சொல்லலை?"

"நீங்க தெரிஞ்சவங்கன்னு நெனச்சேம்மா. நோட்டுல வேற எழுதினீங்க. பெஞ்சு வந்ததும், சரி, இது ஏதோ நவீன டிசைன் போலன்னு விட்டுட்டேன்."

மூன்று பேருமாகப் பந்தேயிடம் போனோம். "பந்தே, அந்த மரத்தை வெட்டணுமா?" என்று நேராகவே கேட்டேன். அவர் வாயைத் திறந்தார். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்று பொய்யும் சொல்ல முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"நீங்கள் அறிந்துகொண்டீர்கள்" என்றார்.

அவ்வளவுதான். அடக்கிவைத்திருந்த சிரிப்பு வெடித்தது. ஆடையின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பாடப்புத்தகம் எங்கேயோ பறந்துபோய் மதுரை வெளியே வந்துவிட்டது.

"மூணு வாரமா நானும் எப்படியெப்படியோ சொல்லிப் பாக்குறேம்மா. நீங்க என்னடான்னா பெஞ்சு மேல பெஞ்சா போடுறீங்க!"

மறுநாள் ஜேசிபி வந்தது. மரம் வேரோடு போனது, பெஞ்சுக் கற்கள் வேம்படிக்குப் போயின. "அப்ப இதோட பாவம் யாருக்கு?" என்று அக்கா கேட்டாள். "அறிஞ்சவங்களுக்கு" என்றார் போஸ்ட் மாஸ்டர், என்னைப் பார்த்துக்கொண்டே.

ஓரக்கல் எல்லாம் காரை பிடித்துவிட்டதால் பாதையை மாற்றவில்லை. வளைவு அப்படியே இருக்கிறது. வெட்ட வெளியில், எதையும் சுற்றாமல், ஒரு பாதை தானாக வளைந்து போகிறது. வருகிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள். போஸ்ட் மாஸ்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "புத்தர் சொன்ன நடுவழி எப்பவும் நேர்வழியா இருக்காதுங்க" என்பார். அவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு பயபக்தியோடு வளைந்து நடப்பார்கள். நான் ஒன்றிரண்டு பேரிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். யாருக்கும் அது பிடிக்கவில்லை. விட்டுவிட்டேன்.

அந்த நாளுக்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் யாரும் யாரையும் வேலை ஏவுவதில்லை. "ஏட்டி, அந்தக் குடத்தை அறிஞ்சுக்கோ" என்றால் தண்ணீர் கொண்டுவர வேண்டும். டீக்கடைப் பக்கம் கையைக் காட்டி "அதை அறிஞ்சுக்கோங்க தாயி" என்றால் வடை வாங்கித் தர வேண்டும். பந்தே கேட்டுக்கொண்டே போவார். தோள் மட்டும் குலுங்கும்.

பால்கோவா சமாச்சாரமும் அக்காவின் கண்டுபிடிப்புதான். பிக்குகள் உச்சிக்குப் பிறகு சாப்பிட மாட்டார்கள், மறுநாளைக்கு என்று எடுத்து வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் யாரைப் பார்க்கப் போனாலும் வெறுங்கையோடு போக மாட்டார்கள். பெட்டி பெட்டியாகப் பால்கோவா வரும். உச்சிக்கு முன்னால் வந்தால் பந்தே கொஞ்சம் எடுத்துக்கொள்வார். பின்னால் வந்தால் வாங்கி ஆசி சொல்லிவிட்டு அப்படியே வேலை செய்கிறவர்களிடம் கொடுத்துவிடுவார். இதை அக்கா இரண்டே நாளில் கவனித்துவிட்டாள். காலையில் யாராவது பெட்டியோடு வந்தால் வாசலிலேயே நிறுத்தி, "சாமி இப்ப தியானத்துல இருக்காரு. மூணு மணிக்கு மேல வாங்க, நல்லா பேசுவாரு" என்று அனுப்பிவைப்பாள். இது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் நானே ஒரு சுற்று பெருத்திருந்தேன்.

பங்குனியில் வாசல் வேலைக்கு வந்தோம். என் வரைபடத்தில் இரண்டு கல் தூண், மேலே ஒரு வளைவு, நடுவில் தாமரை வேலைப்பாட்டோடு இரும்பு கேட். நான் செய்ததிலேயே அழகான கேட் அதுதான் என்று இன்றும் சொல்வேன். போஸ்ட் மாஸ்டர் சிவப்புப் பேனாவால் அதன்மேல் ஒரு கோடு போட்டார்.

"கேட் வேண்டாம்மா."

"வேற டிசைன் காட்டவா சார்?"

"எந்த டிசைனும் வேண்டாம். கேட்டே வேண்டாம்."

"இரண்டு ஏக்கர் சார். ஆடு மாடு உள்ள வரும்."

பக்கத்தில் செடி பிரித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். "கேட்டு வேண்டாம்னா ஒரு ராஜபாளையம் நாயை வாங்கிப் போடுங்கய்யா. ஆடு மட்டுமில்ல, ஒருத்தரும் வரமாட்டாங்க."

போஸ்ட் மாஸ்டர் சிரித்தார். ஆனால் அது அவருடைய வழக்கமான சிரிப்பு இல்லை.

"நாய் ஆள் பாத்துக் குரைக்கும்மா" என்றார்.

பிறகு உட்கார்ந்து சொன்னார். அவர் முதலில் போஸ்ட்மேனாகத்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். காக்கிச் சட்டை, சைக்கிள், பை நிறையக் கடிதம். சில தெருக்களில் கேட்டுக்கு வெளியே நின்று மணியை அடித்தால், உள்ளிருந்து 'அங்கயே வச்சிட்டுப் போ' என்ற குரல் மட்டும் வரும். சில வீடுகளில் கடிதத்தைப் போட கேட்டுக்கு வெளியே ஒரு தகரப் பெட்டியை மாட்டியிருப்பார்கள், அவர் கேட்டைத் தொட வேண்டாமென்று. மணியார்டர் வந்தால் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கு மட்டும் யாராவது வெளியே வருவார்கள். பேனாவைக் கீழே வைக்கச் சொல்லி எடுத்துக்கொள்வார்கள்.

"கடுதாசி உள்ள போகும். நான் போக முடியாது. அதே ஆபீசுல பொறவு போஸ்ட் மாஸ்டரா உக்காந்தேன். கோவமெல்லாம் போயிருச்சும்மா. ஆனா ஒரு கேட்டை நானே காசு போட்டு மாட்ட எனக்குக் கை வராது."

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு கேட் ஆறடி உயரம். அதற்கு வெளியே பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு தகரப் பெட்டி இருந்தது. சின்ன வயதில் கடிதம் எடுக்க நான்தான் ஓடுவேன். அதை வெறும் தபால் பெட்டி என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அது எதற்காக வெளியே இருந்தது என்று எனக்குத் தெரியாது. உண்மையிலேயே வெறும் தபால் பெட்டியாகவும் இருந்திருக்கலாம். வீட்டில் கேட்கவும் இனி ஆள் இல்லை. நான் அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சிவப்புப் பேனாவை வாங்கி, அவர் போட்ட கோட்டுக்குமேல் இன்னொரு கோடு போட்டேன். அதுதான் என்னால் செய்ய முடிந்தது.

வாசலில் கதவு இல்லை என்ற செய்தி மனிதர்களுக்குப் போய்ச் சேரும் முன்பே ஆடுகளுக்குப் போய்விட்டது. நந்தியாவட்டையும் செம்பருத்தியும் நட்ட மூன்றாம் நாள் ஒரு மந்தையே உள்ளே நின்றது. பந்தே நடுவில் நின்று ஒரு குட்டியைக் கழுத்தில் தடவிக்கொண்டிருந்தார். ஆட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். தலைப்பாகை, தோளில் தழை ஒடிக்கும் அலக்குக் கம்பு. பக்கத்து ஊர்க்காரர்.

அக்கா அவரைப் பிடித்துக்கொண்டாள். "அய்யா, இதென்ன மேய்ச்சக்காடா? எம்புட்டுச் செடி போச்சு பாரும்!"

"கதவில்லாத எடம் பொது எடம்தானே ஆத்தா? ஆட்டுக்கு நான் என்னன்னு சொல்லுவேன்?"

"பொது இடம்தான்" என்று போஸ்ட் மாஸ்டர் உடனே ஒத்துக்கொண்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

நான்கு நாள் யோசித்தேன். முன்பு ஒரு மலை எஸ்டேட்டில் பார்த்தது ஞாபகம் வந்தது. வாசலின் குறுக்கே ஆழமில்லாத ஒரு பள்ளம் எடுத்து, அதன்மேல் இரும்புக் குழாய்களை இரண்டு விரல் இடைவெளி விட்டு வரிசையாகப் பதித்துவிடுவார்கள். மனிதர்கள் நடக்கலாம், சைக்கிள் போகலாம், கார் போகலாம். ஆடு மாடு மட்டும் காலை வைத்துப் பார்த்துவிட்டு, கீழே வெறும் பள்ளம் தெரிவதால் பயந்து திரும்பிவிடும். யார் உள்ளே வரலாம் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டாம்.

போஸ்ட் மாஸ்டருக்கு அது பிடித்துப்போனது. ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் விடவில்லை. செருப்போடு நடந்தார், செருப்பில்லாமல் நடந்தார், சைக்கிளை உருட்டினார், ஒரு சக்கர நாற்காலியை எங்கிருந்தோ கடன் வாங்கிவந்து அதில் தானே உட்கார்ந்து என்னைத் தள்ளச் சொன்னார். கைத்தடி ஊன்றி வருகிறவர்களுக்காக ஒரு பக்கம் பிடிகம்பி வைக்கச் சொன்னார். வைத்தேன்.

ஆடுகள் வந்தன. முன்னங்காலை வைத்தன. நின்றன. திரும்பின. நாங்கள் கைதட்டினோம். அப்போது ஒரு கறுப்புக் குட்டி மட்டும் நான்கடி பின்னால் போய், ஓடிவந்து, ஒரே தாவில் அந்தப் பக்கம் குதித்தது. அதைப் பிடிக்க ஆட்டுக்காரர் உள்ளே வந்தார். மறுநாளும் அது தாவியது, மறுநாளும் அவர் வந்தார். நாலாவது நாள் குட்டி தாவவில்லை. அவர் மட்டும் வந்து, "டீ போட்டாச்சா?" என்று கேட்டார்.

வைகாசிப் பௌர்ணமி அன்று திறப்பு விழா. ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் சனம் வந்தது. மில்லில் வேலை செய்கிறவர்கள், கடைக்காரர்கள், டீச்சர்கள், சர்ச்சுக்குப் போகும் இரண்டு குடும்பங்கள், என் நர்சரி வாடிக்கையாளரான பல் மருத்துவர்கூட வந்திருந்தார். எல்லோரும் கூடத்துக்குள் உட்கார்ந்தார்கள். பந்தே பேசிக்கொண்டிருந்தார். மூன்றரை மணி இருக்கும், மலைப் பக்கம் கறுத்து, கோடை மழை சடசடவென்று இறங்கியது.

தோட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. மழை வந்தால் எல்லோரும் உள்ளே ஓடுவார்கள், நாங்கள் வெளியே ஓடுவோம். வரைபடத்தில் நாம் போட்ட அம்புக்குறிப்படி தண்ணீர் போகிறதா என்று முதல் மழையில்தான் தெரியும். நானும் அக்காவும் ஒரே குடைக்குள் நின்று பார்த்தோம். மேற்கேயிருந்து வந்த தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது. வடக்கு மூலைப் பள்ளம் நிறைந்தது. புல் நனைந்தது, எங்கேயும் தேங்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"தாயி" என்றாள் அக்கா. "செருப்பெல்லாம் எங்க போகுது?"

திரும்பிப் பார்த்தேன். செருப்பு விடும் இடத்தை நான் கூடத்துப் படிக்குப் பக்கத்தில் குறித்திருந்தேன். ஆனால் அந்த இடத்தின் மட்டத்தைப் பார்க்க மறந்துவிட்டேன். கூடத்தைச் சுற்றிலும் தாழ்வான இடம் அதுதான். கூரைத் தண்ணீர் முழுக்க அங்கே கொட்டி, அத்தனை செருப்பும் கிளம்பிவிட்டது. முதலில் ரப்பர் செருப்புகள், அப்புறம் பிள்ளைகள் செருப்பு, கடைசியாகக் கனமான தோல் செருப்புகள், ஊர்வலம் போல ஒன்றன்பின் ஒன்றாகச் சரிவில் மிதந்து சாலையை நோக்கிப் போயின. தண்ணீர் வாசல் குழாய்களின் இடுக்கில் இறங்கிவிட, செருப்புகள் குழாய்கள்மேல் குவியலாக நின்றுவிட்டன. குழாய் மட்டும் இல்லையென்றால் அத்தனையும் சாலையோரக் கால்வாயில் இறங்கி, கண்மாய்க்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

மழை விட்டதும் எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். அங்கே நடந்தது திறப்பு விழாவைவிடப் பெரிய விழா. குனிந்து குனிந்து தேடினார்கள். "இது உங்களுதா பாருங்க." "எனக்கு இடது கால்தான் கெடச்சிருக்கு." மில் முதலாளி ஒருவர் தன் மில் சூப்பர்வைசருடைய செருப்பைக் கையில் தூக்கிப் பிடித்து, யாருடையது என்று கூவிக்கொண்டிருந்தார். இருட்டும் முன் வீடு போய்ச் சேர வேண்டும் என்று ஆளுக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். நான் ஒரு காலில் என் பழுப்புச் செருப்பும் மறு காலில் யாருடையதோ ஒரு நீலச் செருப்புமாக ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போனேன்.

சமுதாயக் கூடத்தில் நடந்த முதல் பொது நிகழ்ச்சி செருப்புப் பரிமாற்றம்தான். போஸ்ட் மாஸ்டர் மிச்சம் கிடந்த செருப்புகளைக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டைக் கட்டி, நிறம், அளவு, எந்தக் கால் என்று அழகான கையெழுத்தில் எழுதி வரிசையாக அடுக்கியிருந்தார். பந்தே சில சீட்டுகளுக்கு நூல் கட்டிக் கொடுத்தார். ஒரு வாரம் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் செருப்பை மாற்றிக்கொண்டு உடனே போகவில்லை. சிலர் விகாரைக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்கள். சிலர் டியூஷனுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று விசாரித்தார்கள்.

என் இன்னொரு பழுப்புச் செருப்போடு வந்தவர் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் விளாகத்தில் குடியிருக்கும் ஒரு டீச்சர். படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மாற்றிக்கொண்டோம்.

"உங்க செருப்பு ஒரு பக்கமா தேஞ்சிருக்கு. ரொம்ப நடப்பீங்களோ?"

"தோட்ட வேலை டீச்சர். இந்த இடம் நான் போட்டதுதான்."

அவர் திரும்பி, புல்லையும் பள்ளத்தையும் ஆளில்லாமல் வளைந்து போகும் பாதையையும் பார்த்தார். செருப்பு விடும் இடத்தையும் பார்த்தார். பிறகு, "எங்க வீட்டு மாடி சும்மாதான் கெடக்கு. கீரை போட்டுத் தருவீங்களா?" என்று கேட்டார்.

போட்டுத் தருகிறேன் என்றேன். அடுத்த திங்கட்கிழமை போய், முதல் வேலையாக மாடியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தேன்.